மருந்து கேட்கவில்லை என்றால்

குடியாத்தத்தில் இருக்கும் என் சின்னம்மாவின் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. நான்தான் இன்னும் அதையே சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். விரல்களை இழந்ததைவிட என்னை அதிகம் உறுத்துவது, அதற்கு ஐந்து மாதம் முன்பு அவர் வீட்டுத் திண்ணையில் என் தம்பி, அதாவது சின்னம்மாவின் மகன், என்னிடம் கேட்ட கேள்வி. "அண்ணா, அது அவங்க உடம்பு, அவங்க இஷ்டம். அதுல நீ யாரு குறுக்க வர்றதுக்கு?" அன்று எனக்குப் பதில் வரவில்லை. தன் உடம்புக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை அந்த உடம்புக்கு உரியவருடையது என்று நான் எத்தனையோ இடங்களில் வாதாடியிருக்கிறேன். அதே வாதத்தை என் முன்னால் வைத்தபோது என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. லத்தேரி வழியாகக் காட்பாடிக்கு வரும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும், அவன் சொன்னதில் ஏதோ ஒன்று சரியில்லை என்று மட்டும் தெரிந்தது. அது எது என்று பிடிபடவில்லை.

சின்னம்மாவுக்குப் பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அதில் கடைசி நான்கு ஆண்டுகள் காலையும் இரவும் இன்சுலின் ஊசி. வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் அரசு மருத்துவமனை நர்ஸ் ஒருவர் சொல்லிக்கொடுத்த முறையை, ஃபிரிட்ஜ் வாங்கிய பிறகும் அவர் விடவில்லை. வாய் அகன்ற மண்பானையில் பாதிவரை ஆற்று மணல் நிரப்பி, நீர் தெளித்து, நடுவில் ஒரு எவர்சில்வர் டம்ளரைப் புதைத்து, அதற்குள் மருந்துக் குப்பியை வைத்து ஈரத்துணியால் மூடிவிடுவார். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலிலும் அந்த டம்ளரைத் தொட்டால் சில்லென்று இருக்கும். நீர் ஆவியாகும்போது மணலின் சூட்டையும் எடுத்துப் போகிறது. தறிக்குத் தார் சுற்றிக்கொண்டே, ராட்டையை நிறுத்தாமல், இடது கையால் பானையின் மீது நீர் தெளிக்கும் சின்னம்மாவை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்று நான் போனபோது பானையில் மணல் காய்ந்து கிடந்தது. டம்ளரில் கொத்துமல்லி விதை இருந்தது. ஊசியை நிறுத்தி இரண்டு வாரம் ஆகிவிட்டது என்பதை யாரும் சொல்வதற்கு முன்பே அந்த டம்ளரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நாக்கு சொன்ன சாட்சி

மஞ்சள் தாளில் அச்சிட்ட ஒரு நோட்டீஸைத் தம்பி என்னிடம் கொடுத்தான். தொண்ணூறு நாளில் சர்க்கரை நோய் வேரோடு குணம், விஞ்ஞானப்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது, பக்கவிளைவு அறவே இல்லை, அரசு உரிமம் பெற்றது. ஒரு சுற்று மருந்து நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். நாவல்கொட்டை, ஆவாரம்பூ, வெந்தயம், சிறுகுறிஞ்சான் ஆகியவற்றைப் பொடித்த சூரணம். இவற்றில் எதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்கள் பாட்டி வீட்டிலும் இவையெல்லாம் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தவைதான். ஊசிக்கு முன்பு சின்னம்மா சர்க்கரைக்குச் சாப்பிட்டுவந்த மெட்ஃபார்மின் மாத்திரைக்கும் பூர்வீகம் ஒரு செடிதான். ஐரோப்பாவில் நாட்டு வைத்தியத்தில் வழங்கிவந்த ஒரு செடியில் கண்ட வேதிப்பொருளைத் தொடர்ந்து போனபோதுதான் அந்த மருந்து பிறந்தது.

நோட்டீஸைவிட சின்னம்மாவை நம்பவைத்தது வேறொன்று. நோட்டீஸ் போட்ட மூலிகை மையத்தில், வந்தவர்களையெல்லாம் பெஞ்சில் உட்காரவைத்து, ஆளுக்கு இரண்டு சிறுகுறிஞ்சான் இலை கொடுத்து மெல்லச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து நிமிடம் கழித்து ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் வைத்திருக்கிறார்கள். "மண்ணு மாதிரி இருந்துச்சு கண்ணு. தித்திப்பே தெரியல. நாக்குலயே சக்கரய அழிக்குதே, ரத்தத்துல அழிக்காதா?" என்று சின்னம்மா என்னிடம் சொன்னபோது அவர் கண்ணில் இருந்த நம்பிக்கையை என்னால் மறக்க முடியாது. அவர் ஏமாளி அல்ல. கண்ணால் கண்டு, நாக்கால் சோதித்து, அதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். சோதனையும் உண்மையானதுதான். அந்த இலையில் உள்ள ஜிம்னெமிக் அமிலம் நாக்கில் இனிப்பை உணரும் இடங்களைச் சிறிது நேரம் அடைத்துவிடுகிறது. சர்க்கரை அழிவதில்லை, அது இருப்பது நமக்குத் தெரியாமல் போகிறது. நாக்கில் நடந்ததற்கும் ரத்தத்தில் நடக்கப்போவதற்கும் இடையே உள்ள தூரத்தை அந்தப் பெஞ்சில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஐந்து மாதம் கழித்து, உணர்ச்சி மரத்துப்போன காலில் நெருஞ்சி முள் ஏறி நான்கு நாள் அவருக்குத் தெரியாமல் இருந்தது. அந்த இலையும் இந்தக் காலும் எனக்கு எப்போதும் சேர்ந்தேதான் நினைவுக்கு வருகின்றன.

தம்பியின் கேள்விக்கான பதிலின் ஒரு நுனி இங்கேதான் எனக்குக் கிடைத்தது. சின்னம்மா, "இது எங்க அம்மா குடிச்ச கஷாயம், எனக்கு இதுல நம்பிக்கை, ஊசி வேணாம், என்ன ஆனாலும் பரவாயில்ல" என்று சொல்லியிருந்தால் நான் வருத்தப்பட்டிருப்பேன். ஆனால் அது அவர் முடிவு. நடந்தது அதுவல்ல. ஊசி செய்யும் வேலையை இந்தப் பொடியும் செய்யும், அது நிரூபணமான உண்மை என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அதை நம்பியவருக்கு முன்னால் இருந்தது ஒரே பாதைதான்: வலியில்லாத, பக்கவிளைவில்லாத, நிச்சயமாகக் குணமாக்கும் ஒன்று இருக்கும்போது ஊசியைக் குத்திக்கொள்ள யார் விரும்புவார்? முடிவு அவர் வாயிலிருந்து வந்தது. அதை எடுத்தவர்கள் நோட்டீஸை அச்சடித்தவர்கள்.

இந்தச் சிக்கல் நம் நாட்டில் நீதிமன்றம்வரை போன ஒன்று. மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்த 1954இல் ஒரு சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் உள்ள 54 நோய்களுக்குக் குணமாக்கும் மருந்து என்று எதையும் விளம்பரம் செய்யக் கூடாது. நீரிழிவும் அந்த அட்டவணையில் இருக்கிறது. பேச்சுரிமைக்கு எதிரானது என்று சொல்லி யுனானி மருந்து தயாரிக்கும் ஹம்தர்த் தவாகானா இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 1959இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் சில பகுதிகளை நீக்கினாலும் அதன் மையத்தை நிலைநிறுத்தியது. மருந்தை விற்பதற்காகச் செய்யும் இத்தகைய விளம்பரம் வணிகத்தைச் சேர்ந்தது, கருத்தை வெளியிடும் சுதந்திரத்தின் சாரத்தைச் சேர்ந்தது அல்ல என்பது தீர்ப்பின் அடிப்படை. எழுபது ஆண்டுகளாக இந்தச் சட்டம் இருக்கிறது. மஞ்சள் நோட்டீஸும் இருக்கிறது. அதில் போட்டிருந்த 'அரசு உரிமம்' என்ற சொல்லை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மருந்தைத் தயாரிக்கும் உரிமம். சித்த, ஆயுர்வேத நூல்களில் உள்ளபடி செய்யும் மருந்துக்கு உரிமம் தர, நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த முடிவு கேட்கப்படுவதில்லை. நூலில் இருப்பதே ஆதாரம். சின்னம்மா அதைப் படித்தபோது, சர்க்கார் சோதித்துப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டதாகத்தான் எடுத்துக்கொண்டார். யார் படித்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

பெஞ்சில் உட்காரவைத்தவர்கள்

இவ்வளவு சொல்லிவிட்டு, இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன். பதினான்கு ஆண்டுகளில் இங்கிலீஷ் மருத்துவம் சின்னம்மாவை எப்படி நடத்தியது என்று நான் அவரிடம் கேட்டதே இல்லை. காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்த நாட்களில்தான் கேட்டேன். அவர் வழக்கமாகப் போன மருத்துவர், பெயர் வேண்டாம், இரண்டு நிமிடத்துக்கு மேல் அவரிடம் பேசியதில்லை. "சக்கர ஏறியிருக்கு, மாத்திரய கூட்டறேன்." அவ்வளவுதான். மாத்திரையிலிருந்து ஊசிக்கு ஏன் மாற்றினார் என்று இவர் கேட்டபோது, "சொன்னதச் செய்யும்மா" என்றாராம். சீட்டு முழுக்க ஆங்கிலம். மூலிகை மையத்தில் முதல் நாளே ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். ராத்திரி எத்தனை முறை எழுகிறீர்கள், மகள் எங்கே இருக்கிறாள், மனசில் என்ன கவலை என்று கேட்டிருக்கிறார்கள். "இத்தினி வருசத்துல என்னய உக்காரவெச்சுப் பேசினவங்க அவங்கதான்" என்றார். ஒரு மனுஷிக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையை அங்கே கொடுத்துவிட்டு அதன்மேல் பொய்யை வைத்து விற்றிருக்கிறார்கள். இங்கே உண்மையை வைத்துக்கொண்டு மரியாதையை மறந்துவிட்டார்கள். கேள்வி கேட்கவே பதினான்கு ஆண்டுகள் இடம் தரப்படாத ஒருவர், ஒரு நோட்டீஸைக் கேள்வி கேட்பார் என்று நாம் எப்படி எதிர்பார்க்க முடியும்?

அப்போது இன்னொன்றும் தெரிய வந்தது. அந்தப் பொடியைச் சாப்பிட வேண்டும் என்று சின்னம்மாவுக்கு முதலில் மனமில்லை. "நாலாயிரத்து ஐந்நூறு குடுத்து வாங்கியாந்துட்டான். அவன் மூஞ்சியப் பாத்துகினு வேணாம்னு எப்படி சொல்றது?" தம்பியும் அம்மாவுக்கு ஊசி வலிக்கிறதே என்றுதான் வாங்கி வந்திருக்கிறான், அவன் பாசத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் "அவங்க இஷ்டம்" என்று அவன் திண்ணையில் சொன்னது யாருடைய இஷ்டம்? இந்த வேலூர் வட்டாரத்தில், சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதை தெரியாதவர்கள் இல்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து அவரிடம் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவர் வரக் கூடாது என்று கணவன்மார் மறுத்துவிட்டதால் மூன்று பெண்களும் இறந்தார்கள். அதனால் அவர் மருத்துவம் படித்து வந்து, 1900இல் இங்கே ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். பெண் மருத்துவர்கள் தேவை என்பதற்கு இதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இப்போதெல்லாம் அந்தக் கதையில் வேறொன்று தெரிகிறது. உள்ளே வலியில் கிடந்த அந்த மூன்று பேரிடம் யாராவது கேட்டார்களா?

கையெழுத்து

கால் கறுத்து, காய்ச்சல் வந்து, வேலூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தபோது ரத்தத்தில் சர்க்கரை 412 இருந்தது. இரண்டாம் நாள் மாலை ஓர் இளம் பெண் மருத்துவர் ஒப்புதல் படிவத்தோடு வந்தார். தம்பி பழக்கத்தில் பேனாவுக்குக் கை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை. "அம்மாவுக்கு நினைவு தெளிவா இருக்கு. அவங்கதான் போடணும்" என்றார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்கு அருகில் உட்கார்ந்து, தமிழில் இருந்த அந்தப் படிவத்தை வரிவரியாகச் சொன்னார். சொல்லி முடித்ததும், "இப்ப நீங்க சொல்லுங்கம்மா, நாங்க என்ன செய்யப்போறோம்?" என்று கேட்டார். சின்னம்மா தடுமாறித் தடுமாறிச் சொன்னார். பிறகு, "ரெண்டு வெரல எடுத்துட்டா ஆறிடுமா?" என்று கேட்டார்.

"பெரும்பாலும் ஆறிடும். சிலருக்கு ஆறாம, இன்னும் கொஞ்சம் மேல எடுக்க வேண்டி வரும். உங்களுக்கு எப்படின்னு இப்பவே உறுதியா எனக்குத் தெரியாதும்மா. வேணாம்னு நீங்க சொல்லலாம். சொன்னா என்ன ஆகும்னும் சொல்றேன்."

அறையில் யாரும் பேசவில்லை. சின்னம்மா அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "காலைல சொல்றேன்" என்றார். அன்று இரவு அவர் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. விடியற்காலையில் என்னை எழுப்பிப் படிவத்தை இன்னொரு முறை படிக்கச் சொல்லி, தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். தார் சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போன விரல்களில் பேனா நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் சொன்னார்: "எனக்குத் தெரியாதுன்னு சொன்ன மொதோ ஆளு அந்தப் பொண்ணுதான். அதனாலதான் நம்புனேன்."

தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் இதைச் சொன்னபோது, 2008இல் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பைச் சுட்டிக்காட்டினார். மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு, அவருடைய அம்மாவின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு கருப்பையை அகற்றிய வழக்கு அது. வயது வந்த ஒருவர் தற்காலிகமாக மயக்கத்தில் இருக்கிறார், உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை என்றால் தாயின் சம்மதம் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. சிகிச்சை எப்படிப்பட்டது, அதன் பயன் என்ன, ஆபத்து என்ன, வேறு வழி உண்டா என்பதையெல்லாம் அறிந்து கொடுப்பதுதான் உண்மையான சம்மதம் என்றும் விளக்கியது. கத்தி எடுக்கும் மருத்துவருக்கு இவ்வளவு கடமை இருக்கிறது. தொண்ணூறு நாளில் குணம் என்று சொல்லி இன்சுலினை நிறுத்தவைப்பவரும் அதே உடம்பில்தான் கைவைக்கிறார். அவர் ஆபத்தைச் சொல்லவில்லை, வேறு வழியைச் சொல்லவில்லை, கையெழுத்தும் கேட்கவில்லை. சம்மதம் வாங்காமல் ஓர் அறுவை நடந்தால் கொதிக்கிற நாம், அறியாமல் கொடுத்த சம்மதத்தை மட்டும் ஏன் "அவங்க இஷ்டம்" என்று விட்டுவிடுகிறோம்?

கேட்டதும் கேட்காததும்

மருந்து பலித்தால் எங்கள் பக்கத்தில் "மருந்து கேட்டுச்சு" என்பார்கள். பலிக்காவிட்டால் "கேக்கல" என்பார்கள். பலிப்பதற்கும் கேள்வி கேட்பதற்கும் ஒரே சொல் இருப்பதை நான் இந்த ஒன்றரை ஆண்டில்தான் கவனித்தேன். எவ்வளவு பேருக்குக் கேட்டது, எவ்வளவு பேருக்குக் கேட்கவில்லை என்று கேட்டுப் பார்ப்பதுதான் நிரூபணம் என்பதன் முழு வேலையும்.

நம் நாட்டு மருந்தை அப்படிக் கேட்டுப் பார்ப்பது அதை அவமதிப்பதாகாது. நீரடிமுத்து எண்ணெய்யை எடுத்துக்கொள்வோம். தொழுநோய்க்கு நம் வைத்தியர்கள் தலைமுறைகளாகக் கொடுத்துவந்தது அது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அதை உலகம் முழுக்க மருத்துவர்கள் ஏற்று ஊசியாகவே போட்டார்கள். அதைவிட நல்லது அவர்கள் கையிலும் இல்லை. 1940களில் சல்போன் மருந்துகள் வந்தன. எந்த மருந்து எத்தனை பேருக்குக் கேட்டது என்று பார்த்தபோது நீரடிமுத்து பின்தங்கியது. தன் இடத்தை விட்டுக்கொடுத்தது. 1955இல் வேலூர் பக்கம் கரிகிரியில் தொழுநோய் மையம் தொடங்கியபோது, வாழ்நாள் முழுக்க ஊருக்கு வெளியே கிடக்க வேண்டியிருந்தவர்கள் குணமாகி ஊருக்குத் திரும்பும் காலம் வந்துவிட்டிருந்தது. பரம்பரை எண்ணெய்தான் சிறந்தது என்று யாராவது பிடிவாதமாக நிரூபணப் பட்டம் கட்டிக் காப்பாற்றியிருந்தால், அந்த மனிதர்களின் விடுதலை எத்தனை ஆண்டுகள் தள்ளிப்போயிருக்கும்?

எங்கள் ஊரிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தை 2011இலிருந்து டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களிலும் சேர்த்து 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். வேலூரின் தெருக்களில் பெற்றோரிடம் விளக்கி, சம்மதம் வாங்கித்தான் குழந்தைகளைச் சேர்த்தார்கள். 2014இல் வெளியான முடிவு: கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை முதல் ஆண்டில் சுமார் 56 சதவீதம் தடுக்கிறது. நூறு என்று சொல்லவில்லை. தடுக்காத பாதியைத் தாங்களே எழுதிக் கையில் கொடுத்தார்கள். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தாய் வேண்டும் என்றும் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். நூறு சதவீதம் என்று சொல்பவர் முன்னால் நின்று வேண்டாம் என்று சொல்ல எந்தத் தாயாலும் முடியாது.

இது ஒரு வீட்டோடு முடிவதும் இல்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது பள்ளிகளில் பிள்ளைகளை ஊசிக்கு அனுப்பாத பெற்றோர் ஏராளம். அவர்களில் பலர் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு 'ஆராய்ச்சி'யைப் படித்தவர்கள். தட்டம்மை பரவாமல் இருக்க நூறில் தொண்ணூற்றைந்து பேருக்காவது எதிர்ப்புச் சக்தி வேண்டும். ஒன்பது மாதம் நிரம்பாததால் ஊசி போட முடியாத அடுத்த வீட்டுக் குழந்தை, மற்றவர்களின் எதிர்ப்புச் சக்திக்குப் பின்னால்தான் பத்திரமாக இருக்கிறது. அந்தக் குழந்தையின் இஷ்டத்தை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.

தம்பிக்கு இதையெல்லாம் நான் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. அவன் தன்னையே நொந்துகொண்டிருக்கிறான். அவன்மேல் இன்னும் ஒரு சுமையை வைக்க எனக்கு மனம் வரவில்லை. போன மாதம் குடியாத்தம் போயிருந்தேன். பானையில் மணல் ஈரமாக இருந்தது. சின்னம்மா காலையில் வெந்தயக் கஞ்சியும் குடிக்கிறார், ஊசியும் போட்டுக்கொள்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்ததாகச் சொல்லி, மூட்டு வலிக்கான ஒரு நோட்டீஸை என்னிடம் நீட்டினார். இந்த முறை பச்சைத் தாள்.

"இதுல எத்தினி பேருக்குக் கேக்கலன்னு போட்டிருக்கான், பாத்துச் சொல்லு கண்ணு."

முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். "போடல சின்னம்மா."

அவர் அதை வாங்கி நான்காக மடித்தார். தரையில் ஒரு பக்கம் சாய்ந்திருந்த பானையைத் தூக்கச் சொல்லி, அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு, மணலில் நீர் தெளித்தார்.